ஒன்றரை மணி நேரத்துக்கு இந்த விலையா?

ஜொகூர் பாருவில் கணினி விளையாட்டில் ஆர்வமுள்ள தமிழ் இளைஞர்களிடம் ‘வெண்பா’வைப் பற்றிப் பேச்செடுத்தால், பாராட்டோடு ஒரு குறையும் சேர்ந்தே வருகிறது. “நல்ல கேம்தான். ஆனா ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிருது. குடுத்த காசுக்கு ஆகாது.”

கனடாவின் டொரொண்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று அந்த விளையாட்டை வெளியிட்டபோது அதன் விலை ஏறக்குறைய 15 அமெரிக்க டாலர். ஆக, மணிக்கு 10 டாலர். 60 டாலருக்கு விற்கும் பெரிய விளையாட்டு 100 மணி நேரம் ஓடினால் மணிக்கு 60 சென்ட்தான். குறுகிய விளையாட்டு வீண்செலவு என்பவர்கள் இந்த வகுத்தல் கணக்கைத்தான் நீட்டுகிறார்கள். கணக்கில் பிழையில்லை. எதை எதால் வகுக்கிறோம் என்பதில்தான் பிழை.

நேரம் கூடினால் மதிப்பும் கூடும் என்கிறார்கள். அப்படியென்றால் 2018-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’யை என்னவென்று சொல்வது? பல பத்து மணி நேரம் ஓடும் அந்த விளையாட்டில், பாத்திரம் வேகமாக வளர்வதற்கென்று ஒரு சலுகையைத் தனிக்காசுக்கு விற்றார்கள். முதலில் நீளத்துக்கு விலை, பிறகு அந்த நீளத்தைக் குறைக்கவும் விலை. காசு கொடுத்தாவது சீக்கிரம் கடந்துவிட வேண்டும் என்று ஆட்டக்காரர் நினைக்கும் மணிகளை எப்படி வரவில் எழுதுவது? ஒரே மாதிரி எதிரிகளை அடிப்பதும், வரைபடம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பெட்டிகளைத் திறப்பதும் அந்த மணிகளில் பெரும்பங்கு. புத்தகக் கடையில் யாரும் நாவலைத் தராசில் வைத்து வாங்குவதில்லை.

அடுத்தது, “அதுல என்ன பெருசா இருக்கு?” என்ற கேள்வி. இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ‘வெண்பா’வின் கதை 1988-இல், டொரொண்டோவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தம்பதியின் வீட்டில் தொடங்குகிறது. வெண்பா, கணவர் பாவலன், பிறகு மகன் கவின். வெண்பாவுக்குத் தன் தாயிடமிருந்து வந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. அழிந்துபோன வரிகளை நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும், புட்டுக் குழாயில் எதற்குப் பின் எதைப் போடுவது என்பதெல்லாமே அங்கே புதிர்கள். பின்னால் அதே குறிப்பேட்டின் தமிழெழுத்தை மகன் தடுமாறி வாசிக்கும் இடம் வருகிறது. வீட்டில் தமிழும், பள்ளியில் மலாயும், கைப்பேசியில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைகள் ஸ்கூடாயிலும் மாசாயிலும் எத்தனை பேர்! அவர்களுக்கு அது டொரொண்டோவின் கதையாக மட்டும் தோன்றாது. இதை 40 மணி நேரத்துக்கு இழுத்திருந்தால் ஒவ்வொரு பலகாரத்தையும் முப்பது தடவை சுட வைத்திருப்பார்கள். குடும்பக் கதை உணவகக் கணக்காக மாறியிருக்கும். 2024-இல் சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசும், அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் இதற்குக் கிடைத்தன. நீளம் போதாது என்று அந்த நடுவர்கள் ஒதுக்கிவிடவில்லை.

ஆட்டக்காரரின் நேரத்துக்கும் விலை உண்டு என்பதை அந்த வகுத்தல் கணக்கு பார்ப்பதே இல்லை. விடியுமுன் எழுந்து, பாலத்து நெரிசலில் நின்று, உட்லண்ட்ஸ் வழியாகச் சிங்கப்பூர் வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறவர்கள் நிறைந்த ஊர் இது. அவர்களுக்கு வாரத்தில் மிஞ்சுவது ஓரிரு மாலைகள். அதற்குள் தொடங்கி முடித்துவிடக்கூடிய விளையாட்டு அவர்களுக்குக் குறையில்லை, வசதி. 100 மணி நேர விளையாட்டை வாங்கி, பத்தாவது மணியில் நிறுத்தி, திரும்பத் திறக்கவே திறக்காதவர் மணிக்கு 60 சென்ட் கொடுக்கவில்லை, 6 டாலர் கொடுத்திருக்கிறார்.

“கைப்பேசியில இலவசமாவே ஆயிரம் மணி நேரம் விளையாடலாமே” என்ற வாதமும் உண்டு. ஒரு காசும் செலவழிக்காமல் விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த விளையாட்டுகள் ஓடுவது செலவழிப்பவர்களின் காசில். அப்படி ஒன்றான ‘கென்ஷின் இம்பாக்ட்’டில் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் உறுதியாகக் கிடைக்க 90 முறை வரை சீட்டுக் குலுக்க வேண்டிவரலாம், அப்போதும் கேட்ட பாத்திரமே வரும் என்ற உறுதியில்லை. ‘வெண்பா’ ஒரே முறைதான் காசு கேட்கிறது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். பள்ளி விடுமுறைக்கு ஒரே ஒரு விளையாட்டு வாங்கத்தான் கையில் வெள்ளி இருக்கிறது என்ற மாணவனிடம் நீளமானதையே வாங்கு என்றுதான் நானும் சொல்வேன். குறுகியதைத் தள்ளுபடிக் காலத்தில் வாங்கிக்கொள்ளலாம். அது அவன் பையின் நிலைமை, விளையாட்டின் தரத்துக்கான தீர்ப்பு ஆகாது.

என்னால் ஒப்ப முடியாதது இன்னொன்று. ஸ்டீம் விற்பனைத் தளத்தில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். நல்ல விதிதான். ஆனால் ஒன்றரை மணி நேர விளையாட்டை முழுக்க முடித்துவிட்டுக் காசைத் திரும்பக் கேட்பதைச் சாமர்த்தியம் என்கிறார்கள் சிலர். 2021-இல் ‘சம்மர் ஆஃப் 58’ என்ற திகில் விளையாட்டை உருவாக்கிய எமிகா கேம்ஸ், நல்ல மதிப்புரைகள் வந்தும் இப்படித் திரும்பிப்போன காசால் அடிபட்டு, இந்தத் தொழிலிலிருந்தே காலவரையின்றி விலகுவதாக அறிவித்தது.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து உழைக்கும் குழுவால் 100 மணி நேரத்துக்கு விளையாட்டு செய்வது பெரும்பாலும் முடியாது. நாளைக்குக் குளுவாங்கிலோ கூலாயிலோ யாராவது தோட்டத்து லயத்து வீடு ஒன்றின் கதையை, செம்பனைக் காட்டையும் தமிழ்ப்பள்ளியையும் வைத்து விளையாட்டாக்க நினைத்தால், அது இரண்டு மணி நேரம்தான் வரும். நான் அதை முழு விலைக்கு வாங்குவேன்.