மெட்சுவின் 'நோயுற்ற குழந்தை': குறியீட்டு வேட்டைக்கு ஒரு மறுப்பு

டச்சு ஓவியர் கேப்ரியல் மெட்சு 1660களின் நடுவில் தீட்டிய 'நோயுற்ற குழந்தை' ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. சுமார் 32 சென்டிமீட்டர் உயரமே கொண்ட சிறிய ஓவியம். அதைப் பற்றி எழுதுவோர் பலரும் பின்சுவரில் தொங்கும் சிலுவையேற்றப் படத்தைச் சுட்டிக்காட்டி, பெண்ணையும் பிள்ளையையும் மரியாளும் இறந்த மகனுமாக ஆக்கிவிடுகிறார்கள்.

இந்த அவசரம் ஏற்கத்தக்கதல்ல. டச்சு அன்றாடக் காட்சிகளில் மறைபொருள் தேடும் முறையை நிலைநிறுத்தியவர் எடி டி யோங். அக்கலை அடிப்படையில் விவரிக்கும் கலை என்று 1983இல் எதிர்வாதம் வைத்தவர் ஸ்வெத்லானா ஆல்பர்ஸ். மெட்சுவின் ஓவியம் ஆல்பர்ஸுக்கே சாட்சி சொல்கிறது. குழந்தையின் கால்கள் வலுவற்றுத் தொங்குகின்றன. அதன் பார்வை, தன்மேல் குனிந்திருக்கும் முகத்தைத் தேடவில்லை. அருகே ஒரு மண்பாத்திரம். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை.

கொள்ளைநோய் பரவிய 1664இல் மட்டும் ஆம்ஸ்டர்டாமில் 24,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓவியம் அந்நோயைத்தான் சித்திரிக்கிறது என்பதல்ல என் வாதம். அந்நகரத்தார் இப்படத்தில் முதலில் கண்டிருக்கக்கூடியது குறியீட்டையா, பிள்ளையையா என்பதே கேள்வி.

சுவரிலுள்ள சிலுவை அவ்வீட்டின் பிரார்த்தனையாக இருக்கலாம். குழந்தைக்கான விளக்கவுரையாக இருக்க வேண்டியதில்லை. மரியாளின் மகன் உயிர்த்தெழுவான் என்பது வாசகனுக்கு முன்பே தெரியும். குறியீடு தரும் ஆறுதல் அதுதான். இந்தக் குழந்தை பிழைக்குமா என்பதை மெட்சு சொல்லவில்லை. அவர் தர மறுத்த ஆறுதலை விமர்சகர்கள் வழங்குவது ஓவியத்துக்கு இழைக்கும் அநீதி.