பெட்டி நிரம்பினால்

பண்டம் மலிந்தால் பங்கீட்டுக்கு வேலையில்லை என்பார்கள். ஈ-மெயில் விஷயத்தில் இது பொய்த்துவிட்டது. 2004 தொடக்கத்தில் ஹாட்மெயில் இலவசமாகத் தந்த இடம் 2 மெகாபைட், யாஹூ தந்தது 4. அந்த ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிகாபைட் என்று அறிவித்தபோது முட்டாள் தின வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். இன்று அது 15 ஜிகாபைட். புகைப்படங்களுக்கும் கோப்புகளுக்கும் அதிலேயேதான் இடம். பெட்டிகள் நிரம்புவது மட்டும் நிற்கவில்லை.

அலுவலக சர்வர்களின் கதை இன்னும் சிக்கல். இடத்தைத் தின்பது கடிதங்கள் அல்ல, அவற்றுடன் வரும் இணைப்புகள். இணைப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கிறது. ஒவ்வொரு 3 பைட்டும் 4 ஆகிவிடும். 6 மெகாபைட் சுற்றறிக்கை 8 மெகாபைட்டாக 500 ஊழியர்களுக்குப் போனால், தனித்தனிப் பிரதி வைக்கும் சர்வரில் 4 ஜிகாபைட் காலி. ஆகவே கோட்டா தவிர்க்க முடியாதது. கேள்வி, அதை எப்படி அமல்படுத்துவது என்பதுதான்.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இதற்கு மூன்று படிகள்: முதலில் எச்சரிக்கை, அடுத்து அனுப்பத் தடை, கடைசியில்தான் பெறவும் தடை. இந்த வரிசையில் நியாயம் இருக்கிறது. அனுப்ப முடியாதபோது பெட்டிக்காரருக்கு உடனே உறைக்கும். பெறத் தடை விழுந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. திரும்பும் கடிதம் பற்றிய தகவல் அனுப்பியவருக்கு அல்லவா போகிறது? அனுப்பியது ஒரு தானியங்கி கம்ப்யூட்டர் என்றால் அதைப் படிக்கவும் ஆளிருக்காது. நேர்முகத் தேர்வு அழைப்பு ஒன்று இப்படிச் சத்தமின்றிச் செத்துப்போகலாம்.

நிர்வாகி நினைத்தால் இதைத் தவிர்க்கலாம். நிரம்பிய பெட்டிக்கு வரும் கடிதத்தை 'நிரந்தர மறுப்பு' என்று திருப்பாமல் 'தற்காலிக மறுப்பு' என்று பதில் தர சர்வரைப் பணிக்கலாம். அனுப்பும் சர்வர் பொதுவாகச் சில நாட்கள் திரும்பத் திரும்ப முயலும். விடுப்பிலிருந்து திரும்புபவருக்கு அந்த அவகாசம் போதும்.

பெட்டிக்காரரின் பங்கும் உண்டு. அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பெரிய இணைப்புகளை முதலில் நீக்க வேண்டும். 'அனுப்பியவை' பகுதியும் கணக்கில் சேரும். அழித்தவையும் பெரும்பாலான சர்வர்களில் குப்பைக்கூடையைக் காலிசெய்யும்வரை இடத்தை விடுவதில்லை. அலட்சியத்துக்கு விலை உண்டு: 2 ஆண்டுகள் வரம்பைத் தாண்டியே கிடக்கும் கணக்கிலிருந்து கடிதங்களை நீக்க ஜிமெயில் விதிகள் இடம் தருகின்றன. எதை வைத்துக்கொள்வது என்பதை நீங்கள் முடிவு செய்யாவிட்டால், சர்வர் முடிவு செய்யும்.