போயிட்டு வரேன், ஷின்சான்

ஜப்பானியப் பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘இத்தெகிமாஸ்’ என்று சொல்வார்கள். ‘போய்’ என்னும் எச்சமும் ‘வருகிறேன்’ என்னும் முற்றும் சேர்ந்த தொடர் அது. சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை ‘போயிட்டு வரேன்’ என்கிறது. பக்கத்து வீட்டு மலையாளப் பிள்ளை ‘போயிட்டு வராம்’ என்கிறது. மூன்று மொழிகளிலும் வாய்பாடு ஒன்றே. ‘போறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டால் பாட்டி வாசலிலேயே நிறுத்தித் திருத்துவாள். இத்தகைய ஒற்றுமையைக் கண்டதும் நம்மவர் பலருக்குச் சுசுமு ஓனோவின் தமிழ்–ஜப்பானிய உறவுக் கோட்பாடு நினைவுக்கு வரும். மொழியியலாளரில் பெரும்பான்மையோர் ஏற்காத அக்கோட்பாடு இங்குத் தேவையில்லை. வினையெச்சத்தை முன்வைத்து வினைமுற்றில் முடிக்கும் மொழிகள் ஒரே தொடரைத் தனித்தனியே ஆக்கிக்கொள்வதில் வியப்பேதும் இல்லை.

சிக்கல் திரும்பி வரும்போது எழுகிறது. வீடு திரும்பும் ஜப்பானியர் ‘ததைமா’ என்பார். உள்ளே இருப்பவர் ‘ஒகயெரி’ என்று பதில் சொல்வார். ‘கிரேயான் ஷின்சான்’ கதையில் ஐந்து வயது ஷின்னொசுகே உள்ளே நுழைந்ததும், வீட்டிலிருப்பவர் சொல்லவேண்டிய ‘ஒகயெரி’யைத் தானே சொல்வான். தாய் மிசாயே ஒவ்வொரு முறையும் திருத்துவாள். மறுநாளும் அவன் அதையே சொல்வான். அந்தத் தொடரின் அடையாள நகைச்சுவைகளுள் இது ஒன்று. தமிழில் இதற்கு என்ன செய்வது? நம் வீடுகளில் திரும்பி வருபவருக்கென்று வாய்பாடு கிடையாது. பிள்ளை செருப்பைக் கழற்றும்போதே ‘அம்மா, பசிக்குது’ என்று கத்துகிறது. வாசலிலிருந்து வரும் ‘வந்தாச்சா?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே இருப்பதில்லை. ஆகவே அந்த நகைச்சுவையைத் தமிழில் பெயர்க்க முடியாது. அதை விட்டுவிடலாம், அல்லது வேறொன்றைப் புதிதாக ஆக்கலாம். குரல்மாற்று வசனம் எழுதுபவர் ஒவ்வொரு நாளும் இப்படிப்பட்ட முடிவுகளை எடுக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. அந்த முடிவுகளை ஆராய்ச்சிக்குரிய பொருளாகத் தமிழ்த்துறைகள் கருதுவதும் அரிது.

அந்த வசனம் சென்று சேரும் வீடுகளுள் எல்லைப்புற வீடுகளைத் தனியே பார்க்க வேண்டும். பாலக்காட்டின் கிழக்கோரத்தில் எருத்தேம்பதியும் வடகரப்பதியும், இடுக்கியில் மூணாறும் பீர்மேடும் வண்டிப்பெரியாறும். 1956 மாநிலச் சீரமைப்பில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுத இடமளிக்கிறது. சட்டம் அவ்வாறு சொன்னாலும், விண்ணப்பமும் பேருந்துப் பலகையும் வேலைவாய்ப்பும் மலையாளத்தின் பக்கமே சாய்கின்றன. அங்குத் தமிழ் வீட்டுக்கும் கோயிலுக்கும் உறவுக்கும் உரிய மொழி. அத்தகைய இடத்தில் பொழுதுபோக்கின் மொழியாகத் தமிழ் மேலோங்கி நிற்பது சிறிய செய்தியன்று. 2025 செப்டம்பர் 12 அன்று இந்தியத் திரையரங்குகளுக்கு வந்த ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ ஜப்பானியத்தோடு ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் வெளியானது. அப்பட்டியலில் மலையாளம் இல்லை. வகுப்பறையில் சிறுபான்மையாக இருக்கும் பிள்ளையின் மொழிக்கு, அந்த ஒரு படத்தின் அளவிலாவது, பெரும்பான்மையின் மொழிக்குக் கிடைக்காத இடம் கிடைத்தது.

அந்த இடத்தில் ஒலிப்பது எந்தத் தமிழ் என்பதே கேள்வி. உறவுப்பெயர்களை எடுத்துக்கொண்டால் இது துலங்கும். மூத்தோர், இளையோர் வேறுபாட்டில் ஜப்பானியமும் தமிழும் அண்டை வீட்டார். ‘டீமன் ஸ்லேயர்’ கதையின் நெசுகோ தன் தமையனை ‘ஒனீச்சான்’ என்று அழைக்கிறாள். அவன் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறான். நம் வீடுகளிலும் வழக்கம் அதுதான். ஆங்கிலம் வழியாக வரும் வசனத்தில் ‘பிரதர்’ என்றே இருக்கும். தமிழுக்கு வந்ததும் ‘அண்ணா’ மீண்டுவிடும். கணவனை மிசாயே ‘அனதா’ என்று விளிக்கிறாள் (நம் அநாதைக்கும் இதற்கும் தொடர்பில்லை). ‘என்னங்க’ என்பதைக் காட்டிலும் பொருத்தமான நிகர் வேறெந்த மொழியிலும் கிடைக்குமா என்பது ஐயமே. வீட்டின் இளைய பிள்ளை நிற்கும் இடத்திலிருந்தே ஜப்பானியக் குடும்பம் தன் விளிப்பெயர்களை அமைத்துக்கொள்கிறது என்று சுசுகி தகாவோ 1973இல் வெளிவந்த ‘மொழியும் பண்பாடும்’ என்ற நூலில் விளக்கினார். மனைவியை ‘அம்மா’ என்றே கூப்பிடும் ஜப்பானியத் தந்தையைப் பார்த்து, ‘உங்கம்மாவைக் கூப்பிடு’ என்று பிள்ளை வழியாகவே மனைவியோடு பேசும் நம் ஊர்த் தந்தையருக்கு வியப்பு வராது.

அண்டைமை அவ்வளவோடு முடிகிறது. தந்தையின் உடன்பிறந்தானும் தாயின் உடன்பிறந்தானும் ஜப்பானியப் பேச்சில் ஒரே ‘ஒஜிசான்’. தமிழில் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று மூன்றில் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். தெரிவதற்கு முழுக் குடும்ப மரமும் கையில் இருக்க வேண்டும். மிசாயேயின் தங்கை முசாயே நொஹாரா வீட்டில் வந்து தங்கும்போது, பையனுக்கு அவள் சித்தி, அவன் தந்தைக்குக் கொழுந்தி. தாத்தாவின் நிலை இதற்கு நேர்மாறு. ஷின்சானின் இரு தாத்தாக்களும் ‘அகிதாத் தாத்தா’, ‘கியூஷூத் தாத்தா’ என்று ஊர்ப்பெயரால்தான் பிரிகிறார்கள்; இருவர் பேச்சிலும் அவரவர் வட்டார வழக்கு மணக்கும். சித்தூர்க் கொங்குப் பேச்சில் தாயைப் பெற்றவர் ‘அப்புச்சி’. தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் திரட்டி வந்த தென்மாவட்டத்தார் வழியில் ‘அப்பத்தா’வும் ‘அம்மாச்சி’யும் வேறு வேறு ஆட்கள். மூல மொழியிலேயே இரு வட்டார வழக்குகளை வைத்து எழுதப்பட்ட ஒரு குடும்பத்துக்குத் தமிழில் ஒரே ‘தாத்தா’வும் ஒரே நகரப் பேச்சும் போதும் என்று முடிவுசெய்வது சோம்பல். அகிதாத் தாத்தா கொங்குத் தமிழும் கியூஷூத் தாத்தா நெல்லைத் தமிழும் பேசினால் கதைக்கும் பொருந்தும். எல்லையில் கேட்கும் பிள்ளைக்குத் தன் அப்புச்சியின் பேச்சு தொலைக்காட்சிக்கு உகந்தது என்றும் தெரியும்.

மொழிக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு. ஜப்பானிய வாசகருக்கு நொபிதாவின் வீடு நடுத்தரத்திலும் நடுத்தரம். ஷின்சானின் தந்தை வீட்டுக்கடனை எண்ணிப் புலம்புவதும் சராசரி மனிதனின் புலம்பல். மூணாற்று லயத்தில் ஓர் அறையும் சமையற்கட்டுமாக வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு, மாடியில் தனியறை, அதற்குள் டோராமன் படுத்துக்கொள்ள ஓர் அலமாரி என்பது சராசரியாகத் தெரிய வாய்ப்பில்லை. 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தெருவுக்கு வந்த தோட்டப் பெண்கள் கூலி, போனசோடு சேர்த்து வீட்டைப் பற்றியும் பேசினார்கள். ‘உலகப் பொதுவான குடும்பக் கதை’ என்று இத்தொடர்களைப் பாராட்டும் கட்டுரைகள் இந்த இடத்தைக் கடந்துபோய்விடுகின்றன.

இவை பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்ற புகார் பழையது. பெற்றோர் எதிர்ப்பை அடுத்து 2008இல் இந்தியாவில் ஷின்சான் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, பின்னர் வெட்டுகளோடு திரும்பியது. ஜப்பானியப் பெற்றோர்–ஆசிரியர் சங்கக் கருத்தாய்வுகளிலும், பிள்ளைகள் பார்க்கக் கூடாத நிகழ்ச்சிகளுள் அது பல ஆண்டுகள் இடம்பெற்றது. பெற்றோரின் கவலை பொய்யன்று. ஆனால் தாயைப் பெயர் சொல்லி அழைக்கும் பையனைக் கண்டு பதறியவர்கள், ‘அப்புச்சி’ என்ற சொல் வீட்டிலிருந்து ஓசையின்றி நீங்குவதைக் குறித்துப் புகார் எழுதியதில்லை.

அயல்நாட்டார் ஒருவர் ஜப்பானிய இல்லத்தை எந்த மொழியின் வழியே கண்டார் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1890இல் ஜப்பான் சென்ற லஃப்காடியோ ஹெர்ன் மாட்சுவே நகரில் ஆசிரியரானார். கொய்சுமி செட்சுவை மணந்து, 1896இல் கொய்சுமி யாகுமோ என்ற பெயரில் அந்நாட்டுக் குடிமகனானார். ஜப்பானிய நூல்களைத் தடையின்றிப் படிக்க அவரால் இறுதிவரை இயலவில்லை. செட்சு கதைகளைச் சொன்னார், அவர் கேட்டார். இருவரும் பேசியது வேற்றுமை உருபும் வினைத் திரிபும் உதிர்ந்த ஒரு வீட்டு ஜப்பானியம். ‘ஹெர்ன்சான் மொழி’ என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. இலக்கணிகள் பிழை என்று தள்ளக்கூடிய அந்தப் பேச்சிலிருந்துதான் 1904இல் ‘க்வைதான்’ நூல் பிறந்தது; 1964இல் மசாகி கொபாயாஷியின் படமும் அதிலிருந்து வந்தது. எல்லை வீடுகளின் தமிழைச் சென்னையிலிருந்து பார்ப்பவர் ‘மலையாளம் கலந்தது’ என்கிறார். திருவனந்தபுரத்திலிருந்து பார்ப்பவர் ‘தமிழ் கலந்தது’ என்கிறார். கலந்ததற்கு அப்பால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் இரு பக்கமும் குறைவு.

எல்லையின் மொழித் தடுமாற்றம் ஒருமுறை டோக்கியோவரை சென்றும் இருக்கிறது. 1994இன் மலையாளப் படமான ‘தேன்மாவின் கொம்பத்து’ மறு ஆண்டில் ‘முத்து’ என்று தமிழுக்கு வந்தது. வழிதவறிக் கேரளத்துக்குள் போய்விடும் நாயகன் மொழி புரியாமல் விழிப்பது அதன் நகைச்சுவைக்கு ஆதாரம். 1998இல் ‘ஆடும் மகாராஜா’வாக ஜப்பானில் ஓடியபோது, அந்த விழிப்பை ஒரே மொழியின் எழுத்துரையில் கொண்டுவருவது ‘ததைமா’வைத் தமிழில் கொண்டுவருவதைப் போலவே கடினமாக இருந்திருக்கும்.

வட்டார வழக்கு ஆய்வில், ஊரைவிட்டு வெளியே போகாத முதியவரைத் தேடிப் பதிவுசெய்வதே இன்றும் மரபு. பதிவு தொடங்கும்முன் முதலில் கேட்கப்படுவது, ‘டிவியைக் கொஞ்சம் நிறுத்துங்க’ என்பதுதான். எட்டு வயதுப் பேத்தி முகம் சுளித்து நிறுத்துகிறாள். ஆய்வாளர் அவள் அப்புச்சியிடம் ஏர், கலப்பை, கிணறு பற்றிக் கேட்கத் தொடங்குகிறார். சித்தூரிலும் தேவிகுளத்திலும் களப்பணிக்குச் செல்லும் முனைவர் பட்ட மாணவர்கள் ஒரு மாலையாவது அதை நிறுத்தச் சொல்லாமல், திரை பேசும் தமிழையும் அதைக் கேட்டுப் பேத்தி பேசும் தமிழையும் அப்புச்சி அவளுக்குச் சொல்லும் மறுமொழியையும் ஒரே பதிவில் எடுத்து வரலாம். ‘தாத்தா’ எப்போது ‘அப்புச்சி’யின் இடத்தைப் பிடிக்கிறது, பேத்தி யாரிடம் எதைச் சொல்கிறாள் என்பதற்கு இன்று நம் துறைகளில் தரவு வேண்டும். அந்த முதியவர்களின் வயதைப் பார்த்தால், அதற்கு அதிக ஆண்டுகள் இல்லை.