குட்டை மரமும் குறைந்த செலவும்

"போன்ஸாய்" எனப்படும் குட்டை மர வளர்ப்பு செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். கடையில் ஒரு சிறு மரத்துக்குச் சொல்லும் விலையைக் கேட்டால், அவ்விதம் எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் அது மரத்தின் விலையன்று. வளர்த்தவர் அதற்காகச் செலவிட்ட ஆண்டுகளின் விலை. அந்த ஆண்டுகளை நாமே செலவிடச் சித்தமாயிருந்தால், ரொக்கம் அதிகம் வேண்டியதில்லை.

சீனாவில் தோன்றி ஜப்பானில் செழித்த இக்கலையின் பெயருக்குத் "தட்டில் நட்டது" என்றே பொருள். இதற்கென்று தனி ஜாதி விதை எதுவும் இல்லை. காட்டில் ஓங்கி வளரும் மரமே தட்டில் ஒரு முழ உயரத்தில் நிற்கிறது. நம் வீட்டு மதில் இடுக்கில் ஆலங்கன்றோ இச்சிக் கன்றோ தானே முளைத்தால், சுவருக்குக் கேடு என்று பிடுங்கி எறிகிறோம். அதையே வேர் அறாமல் எடுத்தால் முதல் கன்று இனாமாகக் கிடைத்துவிடும். ஒன்று பட்டுப்போனாலும் மனம் தளராதிருக்க, மூன்று நான்கு கன்றுகளாக வைத்துக்கொள்வது நலம்.

ஆரம்பத்தில் அழகிய தட்டும் வேண்டாம். அடியில் துவாரமுள்ள, சற்று ஆழமான மண்சட்டி போதும். அதில்தான் அடிமரம் பருக்கும். பருமணல், சலித்தெடுத்த செங்கல் பொடிக்கற்கள், மக்கிய தொழு உரம் ஆகியவற்றைக் கலந்து நிரப்பினால் நீர் தேங்காது. கிளையை வளைக்கப் பழைய மின்கம்பியிலிருந்து உரித்த செம்புக் கம்பி உதவும். பட்டையில் பதியுமுன் அதை அகற்றிவிட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேரை அளவாகக் கத்தரித்து மண்ணை மாற்ற வேண்டும். மரத்தைப் பட்டினி போட்டுக் குறுக்குவதாகச் சிலர் பரிதாபப்படுகிறார்கள். அது சரியன்று. வேளாவேளைக்கு உரமும் நீரும் வெயிலும் பெற்ற மரமே கத்தரியைத் தாங்கும். கூடத்து மேஜைமேல் கொலு வைத்தால் வெளிச்சமின்றி வாடிவிடும்.

பணத்தால் வாங்க முடியாத பொருள் ஒன்றுண்டு. அதுதான் தினசரிக் கவனம். மேல்மண் உலர்கிறதா என்று நாள்தோறும் விரலால் தொட்டுப் பார்த்து நீர் வார்க்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து வார்ப்பதில் பயனில்லை. கோடையில் இரண்டு நாள் வெளியூர் போவதானால், அண்டை வீட்டாரிடம் மரத்தை ஒப்புவித்தே போக வேண்டும்.

1625-ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்டு வரும் பைன் இனத்துக் குட்டை மரம் ஒன்று, ஹிரோஷிமா நகரில் யமாகி என்னும் குடும்பத்தாரிடம் இருந்தது. 1945-இல் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து அவர்கள் இல்லம் சுமார் இரண்டு மைல் தூரந்தான். மதிற்சுவரின் மறைவில் மரம் பிழைத்தது. 1976-இல், குண்டு போட்ட அதே அமெரிக்காவுக்கு அதை அன்பளிப்பாக அளித்தார்கள். இன்றும் வாஷிங்டனில் அது பசுமையாக நிற்கிறது.

குண்டிலிருந்து அதைக் காத்தது ஒரு சுவர். மற்ற நாட்களில் எல்லாம் அதைக் காத்தது, யாரோ ஒருவர் மறவாமல் வார்த்த நீர். அந்தச் செல்வம் எளிய குடும்பங்களிலும் உண்டு என்பது நமது துணிபு.