பால்கோவாவும் பங்குச்சந்தையும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவா வாங்கவே நாலு கடையில் ருசி பார்ப்போம். பங்கு வாங்க மட்டும் யாரோ அனுப்பிய டிப்ஸ் போதுமாம்!

என் வகுப்பு நண்பன் செமஸ்டர் ஃபீஸை ஆப்ஷன்ஸில் போட்டான். இரண்டே நாளில் காலி. இப்போது வீட்டில் என்ன சொல்வது என்று விழிக்கிறான். அவன் மட்டுமல்ல, 2021-22 முதல் 2023-24 வரை ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்கிறது செபியின் 2024 ஆய்வு.

பக்கத்து ஊரில் 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ், சந்தையில் உள்ள நிறுவனம்தான். அதன் ஆண்டறிக்கையை நம்மில் எத்தனை பேர் புரட்டியிருக்கிறோம்? அந்தப் பங்கை வாங்கச் சொல்லவில்லை நண்பர்களே, படித்துப் பழகச் சொல்கிறேன். லாபம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பார்ப்பது நம்ம பி.காம். பாடம்தானே!

புரியாததை வாங்காதீர்கள். ஃபீஸ் பணத்தைத் தொடவே தொடாதீர்கள்.