களியா? கலியா? கழியா?



தலைப்பைப் பார்த்ததும், "இங்கேயும் வந்துட்டாருய்யா தமிழ் வாத்தியாரு!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் பொறுங்கள். இது சாப்பாட்டைப் பற்றிய கட்டுரை. சாப்பாடு என்றால் படிப்பீர்கள் என்று தெரியும்!

'களி' என்றால் மகிழ்ச்சி. களிப்பு, களியாட்டம் எல்லாம் அந்தக் குடும்பத்துச் சொற்கள். நம் வீட்டு உளுந்தங்களியும் களிதான். 'கலி' என்றால் துன்பம். "கலி முத்திப்போச்சு" என்று தாத்தா அலுத்துக்கொள்வது இதைத்தான். 'கழி' என்றால் கம்பு. நாக்கு ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினால் போதும், தட்டில் இருக்கிற மகிழ்ச்சி துன்பமாகி, கடைசியில் முதுகுக்குக் கம்பாகவும் வந்து நிற்கும்! "ஒழுங்கா இல்லேன்னா களி திங்கப் போறே" என்று போலீஸ் ஸ்டேஷனைக் காட்டி மிரட்டுகிற வழக்கம் வேறு இருக்கிறது. பாவம், அந்தக் களி செய்த குற்றம்தான் என்ன?

சின்னச் சின்ன சந்தோஷங்களுக்கெல்லாம் நம் ஊரில் அச்சு அசலான பெயர்கள் இருக்கின்றன. பெயரைத் தொலைத்தால் கொஞ்ச நாளில் பொருளும் தொலைந்துபோகும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எப்படி என்று பார்ப்போம்.

ஐந்தருவியில் விழுவது வீழ்ச்சி அல்ல

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், ஆரியங்காவு கணவாய் வழியாக ஈரக்காற்று நம் பக்கம் எட்டிப் பார்க்கிறது. தமிழ்நாட்டின் பல ஊர்கள் வெயிலில் வறுபட்டுக்கொண்டிருக்க, தென்காசி, செங்கோட்டை, குற்றாலத்தில் மட்டும் வானம் மூடிக்கொள்கிறது. திரிகூட மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் ஐந்தருவியில் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுகிறது. சட்டைப் பையில் பத்து ரூபாய் இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும், தலையில் விழுகிற தண்ணீர் ஒன்றுதான். தோளில் ஒரு துண்டு போதும். இதைவிட மலிவான சந்தோஷம் எந்த ஊரில் கிடைக்கும்?

இதைப் போய் 'ஐந்தருவி நீர்வீழ்ச்சி' என்று எழுதுகிறோம். அருவி என்றாலே மலையிலிருந்து விழுகிற தண்ணீர்தானே? அதன் வாலில் இன்னொரு நீர்வீழ்ச்சி எதற்கு? 'நீர்வீழ்ச்சி' என்பது ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து வைத்தது. வீழ்ச்சி என்ற சொல்லை நாம் எங்கே பயன்படுத்துகிறோம்? விலை வீழ்ச்சி, பேரரசின் வீழ்ச்சி, நாலாவது செமஸ்டரில் நம் மதிப்பெண் வீழ்ச்சி! அருவியில் துள்ளுகிற தண்ணீருக்கு அந்தச் சோகம் வேண்டாமே.

அடுத்து 'சாரல்'. காற்று தள்ளிக்கொண்டு வருகிற மெல்லிய தூறல் சாரல். மலைச்சரிவுக்கும் அதே பெயர். இதைச் 'சாறல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. சாறு என்றால் கரும்புச்சாறு, எலுமிச்சைச்சாறு. வானத்திலிருந்து கரும்புச்சாறு பொழிந்தால் நமக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் இதுவரை பொழியவில்லை!

'ர'வா 'ற'வா என்று திணறுகிறவர்களுக்கு ஒரு சுலப வழி. இலக்கணப் புத்தகம் வேண்டாம், அம்மாவின் பேச்சைக் கவனியுங்கள். "சோத்துல உப்பு இல்ல", "ஆத்துல தண்ணி வருது", "வயித்துல வலி". பேச்சில் 'த்து' என்று மாறினால் எழுத்தில் வல்லின 'று': சோறு, ஆறு, வயிறு. "மோர்ல தண்ணி ஊத்து" என்பார்களே தவிர, "மோத்துல" என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே மோருக்கு இடையின 'ர்'. குற்றாலத்தை நாம் குத்தாலம் என்பதும் இதே கணக்குத்தான். (ஆனால் எழுதும்போது குத்தாலம் என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பெயரில் மயிலாடுதுறை பக்கம் ஓர் ஊர் இருக்கிறது. தபால் அங்கே போய்விடும்!) நம் வீட்டுப் பேச்சு கொச்சை என்று யார் சொன்னது? அதற்குள்ளேதான் இலக்கணம் உட்கார்ந்திருக்கிறது.

பொறியாளரா, பொரியாளரா?

நம் துறைக்கே வருவோம். 'பொறி' என்றால் இயந்திரம், தீப்பொறியும் உண்டு. அதனால்தான் பொறியியல், பொறியாளர். 'பொரி' என்றால் எண்ணெயில் பொரிப்பது, அவல்பொரி, பொரியல். நாளைக்கு வேலைக்கு மனுப் போடும்போது 'இளநிலைப் பொரியாளர்' என்று எழுதினால், நேரே கேன்டீன் அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்கள். எலிப்பொறியை 'எலிப்பொரி' என்று எழுதினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல மாட்டேன். சாப்பிடுகிற நேரத்தில் படிக்கிறவர்களும் இருப்பார்கள்.

சமையல் குறிப்பில் இந்தக் கூத்து இன்னும் அதிகம். "தேங்காயை நன்றாக அறைக்கவும்." தேங்காய் என்ன தப்பு செய்தது, அறை வாங்க? 'அரைக்கவும்' என்பதே சரி. குழம்பு நாம் ஊற்றிச் சாப்பிடுவது. குளம்பு மாட்டின் காலில் இருப்பது. புளி சட்டியில் கரைவது. புலி களக்காடு – முண்டந்துறைக் காட்டில் திரிவது. கறி தட்டில் இருப்பது. கரி அடுப்பில் மிஞ்சுவது. வாழை தோட்டத்தில், வாளை மீன் கூடையில். எள்ளிலிருந்து வந்த நெய் என்பதால் எண்ணெய். அதை 'என்னை' என்று எழுதி அண்ணாச்சி கடைக்குச் சீட்டு அனுப்பினால், அவர் யாரைப் பொட்டலம் கட்டுவார்?

"ஏலே, வேலை தேடுத நேரத்துல ல, ள, ழ பாத்துக்கிட்டு இருக்கியாலே?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலையும் நம் ஒர்க்‌ஷாப்பிலிருந்தே சொல்கிறேன். டிராயிங்கில் புள்ளி ஒரு இடம் தள்ளி விழுந்தால் 2.5 மில்லிமீட்டர் 25 ஆகிவிடும். லேத்தில் போட்ட உருப்படி பழைய இரும்புக்குத்தான் போகும். அங்கே ஒரு புள்ளிக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிற நாம், சொந்த மொழியில் மட்டும் ஏன் "ஏதோ ஒண்ணு, புரிஞ்சா சரி" என்று விட்டுவிடுகிறோம்?

முன்பு ஊரை விட்டுப் போனவன் வீட்டுக்குக் கடிதமாவது எழுதினான். இப்போது செல்போனில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறோம். அதில் புளியும் ஒன்று, புலியும் ஒன்று. பள்ளியும் பல்லியும் ஒன்று. பேசுவதில் தவறில்லை, நம் பக்கம் மழையை 'மள' என்றும் பழத்தை 'பளம்' என்றும் சொல்கிறவர்கள் நிறைய. அது ஊர் வழக்கு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுத்திலும் வித்தியாசம் அழிந்துபோனால்தான் திரும்பக் கிடைக்காது.

சோறு என்று சொல்லக் கூச்சமா?

இன்னொரு குழப்பம் எழுத்தில் இல்லை, மனசில் இருக்கிறது. வீட்டில் 'சோறு'. கல்லூரி வாசலுக்கு வந்ததும் 'சாதம்'. ஓட்டலுக்குள் நுழைந்ததும் 'மீல்ஸ்'. அரிசி ஒன்றுதான், நாம்தான் மாறிக்கொண்டே போகிறோம். சோறு சங்க இலக்கியத்திலேயே இருக்கிற சொல். அதைச் சொன்னால் பட்டிக்காடு, சாதம் என்றால் நாகரிகம் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மதிய இடைவேளையில் பாருங்கள். ஃபிரைடு ரைஸ் கொண்டு வந்தவன் டப்பாவை நடுவில் வைத்துத் திறக்கிறான். பழைய சோறும் வெங்காயமும் கொண்டு வந்தவன் மூடியை அரைகுறையாகத் திறந்து, சுவரைப் பார்த்துத் தின்கிறான். அம்மா விடியற்காலையில் எழுந்து கட்டிக்கொடுத்த சோற்றை மறைத்துத் தின்ன வைக்கிற கல்வி என்ன கல்வி? உப்பும் மோரும் போட்டுக் கரைத்த பழையதும் சின்ன வெங்காயமும் வெயில் காலத்தில் தருகிற குளிர்ச்சியை எந்தப் பாட்டில் பானம் தரும்? மறைக்க வேண்டியவன் அவன் அல்ல. அவனைப் பார்த்துச் சிரிக்கிறவனே வெட்கப்பட வேண்டும்.

உளுந்தஞ்சோற்றின் மகிமை

ஐந்தருவியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் ஒரு பசி எடுக்குமே, அந்தப் பசிக்கு என் ஓட்டு உளுந்தஞ்சோற்றுக்குத்தான். பிரானூர் பார்டர் பரோட்டாக்காரர்கள் மன்னிக்க வேண்டும்!

செய்முறையில் வித்தை ஒன்றுமில்லை. தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. கூடவே உரித்த பூண்டு, கொஞ்சம் வெந்தயம், சீரகம், தேங்காய்த்துருவல், உப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழைய வேகவிட வேண்டியதுதான். சுடச்சுடத் தட்டில் போட்டு, நல்லெண்ணெய் விட்டு, எள்ளுத்துவையல் தொட்டுத் தின்றால்... அடடா! வெளியே சாரல், உள்ளே சோறு. அந்த நேரம் அரியர் கூட ஞாபகத்துக்கு வராது.

அதே உளுந்தை மாவாக்கிக் கருப்பட்டிப் பாகில் கிண்டி நல்லெண்ணெய் விட்டால் உளுந்தங்களி. பருப்பும் காய்கறியும் முருங்கைக்கீரையும் அரிசியோடு சேர்ந்து வெந்தால் கூட்டாஞ்சோறு. தேங்காய்ப்பாலில் காயும் சிறுபருப்பும் சேர்ந்தால் சொதி. திருநெல்வேலிச் சீமையில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்தே அதுதான். இலங்கைத் தமிழர்களும் இடியாப்பத்துக்குச் சொதிதான் ஊற்றுவார்கள். பெயர் ஒன்று, பக்குவம் வேறு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், அதன் பின் திருவிதாங்கூர் – கொச்சி ஆட்சியில் இருந்த ஊர். மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவியலும் தீயலும் எல்லைக்கோடு பார்க்காமல் நடமாடுவதில் ஆச்சரியம் என்ன?

பாராட்டினால் போதுமா?

"எங்க அம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று மேடையில் பேசுவது எளிது. வராதுதான், ஏனென்றால் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை! அம்மா சமையலைப் புகழ்ந்தே அவளை அடுப்படியில் நிறுத்தி வைத்துவிட்டோம். மூன்று வருஷம் முடிந்ததும் நம்மில் பாதிப் பேர் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோயம்புத்தூர் என்று மூட்டை கட்டுவோம். ஒரு அறையில் நாலு பேர். பையன்களே, அங்கே யார் சமைப்பது? கடைச்சாப்பாடு சம்பளத்தையும் தின்னும், வயிற்றையும் தின்னும். தோழிகளே, சமையல் உங்களுக்கு மட்டும் எழுதி வைத்த பாடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குற்றாலத்திலேயே வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி.யை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். வந்தவர்களுக்குக் கம்பனும் கிடைத்தான், நல்ல சாப்பாடும் கிடைத்தது. பேசுகிற தமிழின் உயிரை விடாமல் அவர் எழுதிய கடிதங்களை இன்றைக்கும் படிக்கிறார்கள். 2021இல் மறைந்த கி.ராஜநாராயணன் கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களைத் தேடித் தேடி அகராதியாகவே தொகுத்தார். ஊர்ப்பேச்சு கேவலம் என்று அவர்கள் நினைத்திருந்தால் நமக்கு எது மிஞ்சியிருக்கும்?

ஆகவே நண்பர்களே, ஒரு வேண்டுகோள். பழைய ரெக்கார்டு நோட்டில் வெள்ளைப் பக்கம் நிறைய மிச்சம் இருக்கும். வரும் விடுமுறையில் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போங்கள். சும்மா உட்கார்ந்து எழுதாமல், வெங்காயத்தை உரித்துக்கொண்டே கேளுங்கள். "ஒரு கை அரிசி" என்று ஆச்சி சொன்னால் அந்தக் கையை அளந்து பாருங்கள். அளப்பதற்குத்தானே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்! பெயரை ஆச்சி சொன்னபடி எழுதுங்கள். எழுத்தைச் சரிபார்த்து எழுதுங்கள். பிறகு ஒரு நாள் நீங்களே சமைத்து அவர்களை உட்கார வைத்துப் பரிமாறுங்கள்.

களி களியாகவே இருக்கட்டும். கலியாகவும் வேண்டாம், கழியாகவும் வேண்டாம்!