ரிப்போர்ட்டின் பாதி வரியை வட்டம் போடாதீங்க

போன வருஷம் ஓ.பி.யில் ஒரு பெண் எம்.ஆர்.ஐ. கவரோடு வந்து உட்கார்ந்தார். ரிப்போர்ட்டில் "ஹை கிரேட் க்ளையோமா" என்பதை யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தாங்க.

"அப்பாவுக்கு இன்னும் எத்தனை மாசம் டாக்டர்?" இதுதான் முதல் கேள்வி.

முழு வரியையும் படிச்சுக் காட்டினேன். "க்ளையோமாவாக இருக்கலாம், காசநோய்க் கட்டியாகவும் இருக்கலாம், பயாப்சி தேவை." வட்டம் போட்டவர் பாதியிலேயே நிறுத்திட்டார்.

மூளைக் கட்டிகளை 1 முதல் 4 வரை கிரேடு பிரிக்கிறோம். 1 மெதுவா வளரும், 4 ரொம்ப வேகம். ஸ்கேன் இதை எப்படி ஊகிக்குது?

மூளையின் ரத்தக் குழாய்கள் காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை வெளியே விடாது. கட்டி அந்தச் சுவரைக் கெடுத்தால் மருந்து கசியும், படத்தில் வெள்ளையா தெரியும். நடுவில் செத்த திசு, சுத்தி வெள்ளை வளையம் இருந்தால் கிரேடு 4 க்ளையோபிளாஸ்டோமாவை சந்தேகிப்போம். பெர்ஃப்யூஷன் ஸ்கேனில் கட்டிக்குள் ரத்தம் அதிகமா தெரிந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

ஆனா காசநோய்க் கட்டி, சீழ்க்கட்டி, நாடாப்புழு லார்வா, இவையும் அதே மாதிரி வளையம் காட்டும். மூன்றுமே சிகிச்சையில் குணமாகக்கூடியவை!

குழந்தைகளுக்கு வரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா பளிச்சென்று வெள்ளையா தெரியும். அது கிரேடு 1. கான்ட்ராஸ்டே எடுக்காத கட்டி சில நேரம் மோசமானதா இருக்கும். 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில், பெரியவர்களின் சில கட்டிகள் மைக்ரோஸ்கோப்பில் சாதுவா தெரிந்தாலும், மரபணு மாற்றங்களை வைத்து கிரேடு 4 என்கிறோம்.

அதனால என் கருத்து இதுதான்: கட்டி எங்கே, எவ்வளவு அவசரம், எந்த இடத்தில் திசு எடுக்கணும் என்று ஸ்கேன் சொல்லும். பெயரை உறுதி செய்வது பயாப்சி. மூளைத்தண்டு மாதிரி இடங்களில் மட்டும் சில சமயம் ஸ்கேனை நம்பியே முடிவெடுக்கணும்.

பயாப்சியில் ரத்தக்கசிவு ரிஸ்க் இருக்கு, மறைக்கல. ஆனா "கத்தி பட்டா பரவிடும்" என்று வீட்டுக்குக் கூட்டிப் போவது அதைவிட ஆபத்து.

தப்பு எங்க பக்கமும் இருக்கு. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிடறோம். ஐந்து நிமிஷம் உட்கார வைச்சு விளக்குவது எங்க கடமை. விளக்கலைன்னா நீங்க கேளுங்க: "இது உறுதியா, சந்தேகமா? வேற என்னவா இருக்கலாம்? எப்போ தெரியும்?"

அந்த அப்பாவுக்கு பயாப்சியில் வந்தது காசநோய். மாத்திரை சாப்பிட்டார், கட்டி சுருங்கிச்சு. எல்லாருக்கும் இப்படி நல்ல சேதி வராது. கிரேடு 4 என்றே வந்தாலும் ஆபரேஷன், ரேடியேஷன், மாத்திரை என்று அடுத்த அடி வைக்கலாம்.

சந்தேகத்தைத் தீர்ப்பா எடுத்துக்கிட்டு யாரையும் வீட்டுக்குக் கூட்டிப் போயிடாதீங்க.